காட்டுயிர் பற்றிக் குழந்தைகளிடம் கருத்துக் கேட்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காட்டுயிர்ப் பாதுகாப்பு பற்றிக் குழந்தைகள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளப் பள்ளிக்கோ இயற்கை முகாமுக்கோ கேள்விகள் அச்சடித்த தாள்களோடு கிளம்புகிறவர்கள் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இவை. ஆரம்பத்தில் நானும் கட்டுக்கட்டாகத் தாள்களை வீணாக்கியிருக்கிறேன். எங்கே அடி வாங்கினேனோ அங்கே பதில் நீளமாக இருக்கும்.

குழந்தைகளுக்கு எவ்வளவு தெரியும் என்று பார்ப்பதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. வௌவால் பாலூட்டியா பறவையா என்று கேட்டால் அது அறிவுச் சோதனை. உன் வீட்டுக் கூரையில் வௌவால் குடியிருந்தால் பரவாயில்லையா என்று கேட்டால் அது மனப்பான்மை. வௌவாலைப் பார்த்த அன்று கல்லை எடுத்தானா, சும்மா விட்டானா என்பது நடத்தை. ஒரே பிள்ளையிடம் இந்த மூன்றும் மூன்று திசையில் நிற்கும். பாம்பு எலியைத் தின்று பயிரைக் காக்கிறது என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கும் பிள்ளைதான், நிஜப் பாம்பைக் கண்டதும் 'அடி, அடி' என்று முதலில் கத்தும்.

மனப்பான்மையிலும் பல வகை உண்டு. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீஃபன் கெல்லர்ட் விலங்குகளை மனிதர்கள் பார்க்கும் விதத்தைப் பத்தாகப் பிரித்தார். பாசம், வதைக்கக் கூடாது என்ற அறச்சிந்தனை, இயற்கையில் நேரில் பார்க்கும் ஆசை, சூழலில் அது செய்யும் வேலையைப் பற்றிய அக்கறை, நமக்கு என்ன லாபம் என்ற கணக்கு, அடக்கி ஆளும் ஆசை, பயமும் அருவருப்பும் என்று அந்தப் பட்டியல் போகும். 'விலங்குகளைப் பிடிக்குமா?' என்ற ஒரே கேள்வியோடு போனால் இதில் பாசம் மட்டும்தான் கையில் கிடைக்கும். நாய்க்குட்டியைக் கொஞ்சும் பிள்ளைக்குக் காடு அழிவதைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் இருக்கலாம். அதில் முரண்பாடு எதுவும் இல்லை.

எந்த வயதிலிருந்து கேட்கலாம்?

ஏழு, எட்டு வயதுக்குக் கீழே எழுத்துத் தாள் வேண்டாம். கூட உட்கார்ந்து பேசுங்கள், படங்களை அடுக்கச் சொல்லுங்கள். அதற்கு மேல் பதினொன்று வரை சின்னச் சின்ன வாக்கியங்கள், மூன்று நான்கு விடைகள், கால் மணி நேரத்துக்குள் முடிகிற அளவு. பன்னிரண்டைத் தாண்டியவர்களிடம் 'ரொம்பச் சரி' முதல் 'ரொம்பத் தவறு' வரை போகும் ஐந்து படி அளவுகோலும், 'இது வேண்டுமா, அது வேண்டுமா' என்ற இக்கட்டான கேள்விகளும் தாங்கும்.

வயதோடு பார்வையே மாறுகிறது என்பதையும் மறக்க வேண்டாம். கெல்லர்ட்டும் மிரியம் வெஸ்டர்வெல்ட்டும் 1980களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. ஆறிலிருந்து ஒன்பது வயதுக்குள் விலங்குகள் மீதான பாசம் வளர்கிறது. பத்திலிருந்து பதின்மூன்றுக்குள் தகவல் அறிவு கூடுகிறது. அதற்குப் பிறகுதான் சூழல், அறம் என்ற பெரிய பார்வை விரிகிறது. ஏழு வயதுக் குழந்தையிடம் உணவுச் சங்கிலி பற்றிக் கேட்டுவிட்டு 'அக்கறை குறைவு' என்று அறிக்கையில் எழுதுவது அநியாயம்.

'வனவிலங்குப் பாதுகாப்பு' என்றால் குழந்தைகளுக்குப் புரியாதா?

புரியும், ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. என் முதல் தாளின் முதல் வரி: 'வனவிலங்குப் பாதுகாப்பு மிகவும் முக்கியம்.' பத்து வயதுப் பையன் ஒருவன் 'ரொம்பச் சரி' என்ற கட்டத்தில் பென்சில் கிழியும்படி டிக் அடித்தான். எனக்கு ஒரே சந்தோஷம். ஏன் முக்கியம் என்று கேட்டேன். "இல்லன்னா கடிச்சிடுமே சார்" என்றான். பக்கத்தில் இருந்தவளும் தலையாட்டினாள். தமிழில் பாதுகாப்பு என்ற சொல் இரண்டு பக்கமும் வெட்டும். விலங்கைக் காப்பாற்றுவதும் பாதுகாப்பு, விலங்கிடமிருந்து தப்பிப்பதும் பாதுகாப்பு. அந்தக் கட்டு முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதாயிற்று, எந்த டிக் எந்தப் பொருளில் விழுந்தது என்று யாருக்குத் தெரியும்?

இதுபோல இன்னும் இருக்கிறது. 'விலங்கு' என்றால் பல பிள்ளைகளுக்கு நாலு கால், ரோமம். பறவையும் மீனும் பூச்சியும் அதில் சேராது. 'மிருகம்' என்று போட்டால் மிருகத்தனம் என்ற வாடை வந்துவிடும். 'காடு' என்றால் வயற்காட்டை நினைக்கிற பிள்ளைகளும் உண்டு. பெரியவர்களுக்கு வசதியான பொதுச் சொற்களை விட்டுவிட்டு, பெயர் சொல்லிக் கேளுங்கள்: 'ஆந்தை', 'நரி', 'தட்டான்'. படமும் கூட இருந்தால் நல்லது.

தாளை அச்சடிக்கும் முன் ஐந்தாறு குழந்தைகளிடம் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துக் காட்டி, 'இதை உன் தம்பிக்கு நீ எப்படிச் சொல்வாய்?' என்று கேளுங்கள். அவர்கள் திருப்பிச் சொல்வதில்தான் ஓட்டை தெரியும். அப்புறம் ஒன்று, தாளின் தலைப்பில் 'கேள்வித்தாள்' என்று போடாதீர்கள். பள்ளியில் அந்தச் சொல்லுக்குப் பரீட்சை என்றுதான் பொருள். 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று போட்டால் போதும்.

எல்லாப் பிள்ளைகளும் எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' என்கிறார்கள். என்ன செய்வது?

இந்த வேலையின் பெரிய சிக்கலே இதுதான். எதிரே நிற்கிறவர் பெரியவர், விலங்குப் படம் போட்ட சட்டை வேறு போட்டிருக்கிறார். அவருக்கு என்ன பதில் வேண்டும் என்று கண்டுபிடிக்க ஒரு குழந்தைக்கு அரை நிமிடம் போதும்.

1980இல் மார்ட்டின் ஹியூஸ், ராபர்ட் கிரீவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஐந்து வயது, ஏழு வயதுக் குழந்தைகளிடம் வேண்டுமென்றே அர்த்தமில்லாத கேள்விகளைக் கேட்டார்கள். தண்ணீரைவிடப் பால் பெரிதா? மஞ்சளைவிடச் சிவப்பு கனமா? அநேகமாக எல்லாக் குழந்தைகளும் பதில் சொல்லிவிட்டார்கள். கேள்வி புரியவில்லை என்று சொல்வதைவிட ஏதாவது ஒரு பதிலைத் தருவதுதான் அவர்களுக்கு மரியாதையாகப் படுகிறது. ஆகவே தொடங்கும்போதே 'தெரியாது என்பதும் நல்ல பதில்தான்' என்று சொல்லுங்கள், அதற்கு ஒரு கட்டமும் வையுங்கள். சொன்னால் மட்டும் போதாது. பழக்கத்துக்காக முதலில் ஒரு அபத்தக் கேள்வி கேட்டு, எல்லாரும் சேர்ந்து 'தெரியாது' போட்டுப் பார்க்கலாம். வகுப்பு சிரிக்கும், இறுக்கமும் தளரும்.

'ஆமாம்' போடும் பழக்கத்தை முறிக்க எதிர்மறை வாக்கியங்களைக் கலக்கச் சொல்லிப் பாடநூல்கள் கற்றுத்தரும். தமிழில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யாதீர்கள். 'பாம்பை அடிக்கக் கூடாது' என்று இருந்தால், அடிக்கக் கூடாது என்று நினைக்கிற பிள்ளை 'ஆமா, கூடாது' என்றும் சொல்லும், 'இல்ல, கூடாது' என்றும் சொல்லும். பேச்சில் இரண்டும் ஒன்றே. தாளில் நேர் எதிர். 'பாம்பைக் கண்டால் அடிப்பதுதான் சரி' என்று நேராக எழுதி, ஏற்கவோ மறுக்கவோ விடுங்கள். வாக்கியம் உடன்பாட்டில் இருக்கிறது, கருத்து மட்டும்தான் எதிர்ப்பக்கம்.

எனக்கு மிகவும் கைகொடுத்தது உளவியலாளர் சூசன் ஹார்ட்டர் 1982இல் தன் அளவுகோலில் பயன்படுத்திய முறை. 'சில பிள்ளைகள் வீட்டுக்குள் பல்லி வந்தால் விரட்டிவிடுவார்கள். வேறு சில பிள்ளைகள் அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று விடுவார்கள். நீ யார் மாதிரி?' இரண்டு பக்கமும் நிஜப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஆனதும் எதைச் சொன்னாலும் குற்றமில்லை. பல்லியை விரட்டுகிறவர்கள் தயங்காமல் கை தூக்குவார்கள்.

அப்புறம், இலவசமாகப் பதில் சொல்ல விடாதீர்கள். 'புலியைக் காப்பாற்ற வேண்டுமா?' என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? 'ஆந்தை கூடு கட்டிய மரம் விளையாட்டு மைதானத்துக்கு நடுவில் இருக்கிறது. குஞ்சு பறக்கும்வரை அங்கே விளையாட முடியாது. என்ன செய்யலாம்?' என்று கேளுங்கள். வகுப்பு இரண்டாகப் பிரியும். அந்தப் பிளவைத்தான் நீங்கள் தேடி வந்தீர்கள்.

சிரிக்கும் முகம், அழும் முகம் போட்ட அளவுகோல் சரியா?

பார்க்க அழகாக இருக்கும், பயன் குறைவு. சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் ஆகச் சிரிக்கும் முகத்தையே தேர்ந்தெடுப்பார்கள் என்பது அதைப் பயன்படுத்தியவர்கள் பலமுறை கண்டது. இன்னொரு கோளாறும் உண்டு. 'கழுகுகள் குறைந்துவருகின்றன' என்ற வரிக்கு ஒரு குழந்தை அழும் முகத்தை வட்டமிட்டால், அது வருத்தமா, மறுப்பா? பெரிய வட்டம், நடு வட்டம், சின்ன வட்டம் போட்டு 'எவ்வளவு?' என்று கேட்பது மேல். ரென்சிஸ் லிக்கர்ட் 1932இல் கொண்டுவந்த ஐந்து படி அளவுகோல் பெரியவர்களுக்காக உண்டானது. பத்து வயதுக்கு அதில் மூன்று படி போதும்.

எந்தெந்த விலங்குகளைப் பற்றிக் கேட்க வேண்டும்?

பாண்டா, புலி, யானை, டால்ஃபின் மட்டும் கேட்டால் எல்லாரும் நல்ல பிள்ளைகள்தான். உலகக் காட்டுயிர் நிதியம் 1961இல் பாண்டாவைச் சின்னமாக எடுத்ததற்கு அதன் முகமும் ஒரு காரணம். வட்டக் கண்ணுக்கு எளிதில் அன்பு கிடைக்கும். அந்தப் பக்கம் மதிப்பெண் எப்போதும் உச்சியில் நிற்பதால், ஒரு பிள்ளைக்கும் இன்னொரு பிள்ளைக்கும் வித்தியாசமே தெரியாது. வௌவால், குளவி, தேள், கழுகு, தேரை என்று அழகில்லாதவற்றையும் சேருங்கள். என் அனுபவத்தில் ஒரு குழுவின் உண்மையான மனப்பான்மை குளவிக் கேள்வியில் தெரியும் அளவுக்குப் புலிக் கேள்வியில் தெரிவதில்லை.

பக்கத்தில் இருக்கும் உயிர்களும் வேண்டும். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆண்ட்ரூ பால்ம்ஃபோர்டும் கூட்டாளிகளும் நான்கு முதல் பதினொரு வயதுவரையான 109 பிரிட்டன் குழந்தைகளிடம் இரண்டு வகைப் பட அட்டைகளைக் காட்டினார்கள், ஒன்றில் அந்த நாட்டில் சாதாரணமாகத் தென்படும் உயிர்கள், இன்னொன்றில் போக்கிமான் என்ற விளையாட்டில் வரும் கற்பனை உயிர்கள். 2002இல் வெளியான முடிவின்படி, எட்டு வயதுக் குழந்தைகள் போக்கிமானில் ஏறக்குறைய 80 சதவீதத்தைச் சரியாகச் சொன்னார்கள், நிஜ உயிர்களில் பாதிக்குச் சற்று மேல்தான் சொன்னார்கள். இதை வைத்து 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்று புலம்புகிறவர்கள் உண்டு. எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. நூற்றுக்கணக்கான உயிர்களின் பெயரையும் குணத்தையும் மனப்பாடம் செய்யும் சக்தி அந்தத் தலைக்குள் இருக்கிறது. அதற்கு நாம் எதைக் கொடுத்தோம் என்பதுதான் கேள்வி.

எழுதுவதற்குப் பதில் படம் வரையச் சொல்லலாமா?

தாராளமாக. ஆனால் குழந்தை தனக்குப் பிடித்ததை வரைகிறது என்று நம்பிவிடாதீர்கள், வரையத் தெரிந்ததை வரைகிறது. மீனும் பட்டாம்பூச்சியும் அதிகம் வருவது அவற்றின் மீதான அன்பால் மட்டும் இல்லை. படம் முடிந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து 'இதில் என்ன நடக்கிறது?' என்று கேட்டு, அது சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்த வார்த்தைகள்தான் உங்களுக்கு வேண்டிய தகவல்.

எத்தனை குழந்தைகளிடம் கேட்டால் போதும்?

384 என்ற எண்ணை எங்கேயாவது படித்திருப்பீர்கள். பெரிய மக்கள்தொகையிலிருந்து தனித்தனியாகக் குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்தால், ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கும் முடிவுக்கு அவ்வளவு பேர் வேண்டும் என்பது அதன் கணக்கு. ஆனால் நாம் தனித்தனியாக எடுப்பதில்லை, வகுப்பு வகுப்பாக எடுக்கிறோம். ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள், ஒரே மாதிரி பதில் சொல்வார்கள்.

சின்னக் கணக்கு ஒன்று. 30 பேர் கொண்ட பத்து வகுப்புகள், மொத்தம் 300 குழந்தைகள். வகுப்புக்குள் பதில்கள் ஒத்துப்போகும் அளவு 0.1 என்று வைத்துக்கொள்வோம் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் வகுப்பு முழுக்க ஒரே பதில்). வகுப்பில் ஒருவரை விட்டால் மீதி 29. அதை 0.1ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் 3.9. 300ஐ அதால் வகுத்தால் 77. அதாவது உங்களிடம் இருப்பது 77 பேரின் பலம்தான். ஒரே பள்ளியில் இன்னும் நூறு பேரைச் சேர்ப்பதைவிட, இன்னும் நான்கு பள்ளிகளில் வகுப்புக்குப் பத்துப் பேரை எடுப்பது லாபம்.

ஆசிரியர் வகுப்பில் இருக்கலாமா?

கடைசி வரிசையில், தாளைப் பார்க்காமல். நடுவில் உலாத்தினால் அழிரப்பர்கள் வேலை செய்யத் தொடங்கும்.

யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பள்ளியிடம், பெற்றோரிடம், குழந்தையிடம். மூன்றாவதைத்தான் எல்லாரும் மறப்பார்கள். தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்கிறது 1989இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. கருத்துச் சொல்ல உரிமை இருந்தால் சொல்லாமல் இருக்கவும் உரிமை இருக்கிறது. 'வேண்டாம் என்றால் வேண்டாம், மதிப்பெண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை' என்று சொல்லிவிட்டு, வேண்டாம் என்கிற பிள்ளை சும்மா உட்கார்ந்து சங்கடப்படாமல் இருக்கப் படம் வரைய ஒரு தாள் கொடுங்கள்.

பெயர் எழுதச் சொல்லாதீர்கள். 'உங்கள் வீட்டில் யாராவது வேட்டைக்குப் போவார்களா?' என்பது போன்ற கேள்வியையும் வைக்காதீர்கள். தன்னை அறியாமலே அப்பாவைக் காட்டிக்கொடுக்க ஒரு குழந்தையை நாம் பயன்படுத்தக் கூடாது.

விலங்குகளால் இழப்பைச் சந்தித்த குடும்பத்துக் குழந்தைகளிடம் எப்படிக் கேட்பது?

மெதுவாக. யானை பயிரை மிதித்த வீட்டில், சிறுத்தை ஆட்டைத் தூக்கிய வீட்டில் வளரும் பிள்ளை 'யானை வேண்டாம்' என்று போட்டால், நம் அட்டவணையில் அது 'எதிர்மறை மனப்பான்மை' என்ற கட்டத்தில் விழும். நகரத்துப் பிள்ளை டிவியில் பார்த்த யானைக்கு ஐந்துக்கு ஐந்து போடும். இரண்டையும் சராசரி எடுத்து, கிராமத்துப் பிள்ளைகளுக்கு விழிப்புணர்வு தேவை என்று முடிவெழுதிய அறிக்கைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளை அனுபவத்தைச் சொல்கிறது, இன்னொன்று கதையைச் சொல்கிறது. அனுபவத்தைச் சொன்ன பிள்ளைக்குப் பாடம் நடத்தக் கிளம்பியது யாருடைய மனப்பான்மை?

பயத்தையும் வெறுப்பையும் தனித்தனிக் கேள்வியாக வையுங்கள். 'யானையைப் பார்த்தால் பயமா?' ஒன்று. 'யானைகள் காட்டில் இருக்க வேண்டுமா?' இன்னொன்று. முதலாவதுக்கு 'ரொம்பப் பயம்' என்று போட்ட பிள்ளை இரண்டாவதுக்கும் 'ஆமாம்' என்று போடுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒரு சிறுமி காரணமும் எழுதியிருந்தாள்: 'அதுக்கும் வீடு வேணும், ஆனா எங்க வீட்டுப் பக்கம் வேண்டாம்.' பெரியவர்களின் கூட்டங்களில் இதைவிடத் தெளிவான வாக்கியத்தை நான் கேட்டதில்லை. குடும்பத்தில் உயிரிழப்பே நடந்திருந்தால் தாளே வேண்டாம். குழந்தை தானாகப் பேசினால் கேளுங்கள், அவ்வளவுதான்.

முகாமுக்கு முன்னும் பின்னும் கேட்டால் மாற்றத்தைக் காட்டலாம் அல்லவா?

காட்டலாம், மூன்று நிபந்தனைகளோடு. முகாமுக்கு வராத ஒரு வகுப்பிடமும் அதே இரண்டு நாட்களில் கேளுங்கள். அங்கேயும் மதிப்பெண் ஏறினால், தாளைப் பழகியதால் வந்த ஏற்றம் அது. அடுத்து, முகாம் முடிந்த மாலையே கேட்டதோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி போங்கள். பேருந்தில் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பும் பிள்ளைகள் அன்று எதற்கும் ஐந்து போடுவார்கள். கடைசியாக, முதல் தாளிலேயே சராசரி 4.6 இருந்தால் ஏற இடமில்லை. கேள்வி சுலபமாகிவிட்டது என்று அர்த்தம்.

பெயரில்லாமல் முன் தாளையும் பின் தாளையும் இணைக்க, அம்மா பெயரின் கடைசி எழுத்து, பிறந்த தேதி, வீட்டில் எத்தனை பேர் என்று மூன்றையும் சேர்த்து ஒரு ரகசியக் குறியை அவர்களையே உருவாக்கச் சொல்லலாம். உளவாளி விளையாட்டு போல ஆர்வமாகச் செய்வார்கள்.

மனப்பான்மை மாறினால் நடத்தையும் மாறிவிடுமா?

தானாக மாறாது. உளவியலாளர் ஐசெக் அஜ்சென் 1991இல் விரிவாக எழுதிய கோட்பாட்டின்படி, ஒருவர் எண்ணம் செயலாவதற்குச் சுற்றி இருப்பவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதும், அது தன்னால் முடியும் என்ற நம்பிக்கையும் சேர வேண்டும். குழந்தைக்கு இந்த இரண்டும் பெரியவர்கள் கையில். குளவிக் கூட்டை விட்டுவிடலாம் என்று பிள்ளை நினைத்தாலும் துடைப்பம் பாட்டியிடம் இருக்கிறது. அதனால் 'நீ என்ன செய்வாய்?' என்பதோடு 'உன் வீட்டில் என்ன சொல்வார்கள்?' என்றும் ஒரு கேள்வி வையுங்கள்.

ஆயத்தமாக ஏதாவது அளவுகோல் இருக்கிறதா?

இருக்கிறது. மனோலி, ஜான்சன், டன்லப் ஆகியோர் 2007இல் வெளியிட்ட, குழந்தைகளுக்கான புதிய சூழலியல் பார்வை அளவுகோல் பத்து வாக்கியங்கள் கொண்டது, பத்து முதல் பன்னிரண்டு வயதுக்குப் பொருந்தும். ஆனால் அது இயற்கை முழுவதையும் பற்றியது, காட்டுயிரை மட்டும் பற்றியது இல்லை. தமிழில் கொண்டுவந்தால் ஒருவர் மொழிபெயர்த்து, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் ஒப்பிட வேண்டும். பாதுகாப்பு என்ற சொல் மறுபடி எந்த வாசல் வழியாக உள்ளே வருகிறது என்று அப்போது தெரியும்.

முடிவுகளைக் குழந்தைகளிடம் சொல்ல வேண்டுமா?

வேண்டும், அறிக்கை அச்சாகும் முன்பே. நான் ஒரு வகுப்பில் கரும்பலகையில் பட்டை வரைபடமாகப் போட்டுக் காட்டினேன். டால்ஃபினின் பட்டை பலகையின் உச்சியில் முட்டியது, வௌவாலுக்கு ஒரு சாண்கூட இல்லை. கொஞ்ச நேரம் அமைதி. ஒருத்தி எழுந்து, "சார், நாங்க யாரும் டால்ஃபினப் பார்த்ததே இல்ல. வௌவால் தினமும் வருது" என்றாள். உடனே பின்வரிசையிலிருந்து ஒருவன், "அதான் பிடிக்கல" என்றான். அந்த இரண்டு வரிகளையும் அறிக்கையின் முதல் பக்கத்தில் போட்டேன்.